ஐந்தாவது மனு

கரைவேட்டியும் கழுத்து நிறைய ரோஜா மாலையுமாக வைரக்கண்ணு தாலுகா அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, தெருவில் வெடித்த வேட்டு காதைப் பிளந்தது. வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். தேர்தல் அதிகாரியான அந்த அம்மா வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க மாற்று வேட்பாளர்தானே?"

"ஆமாங்க." சொல்லும்போதே வாய் கசந்தது.

வேட்டு அவருக்கு இல்லை. முன்னால் வந்து உட்கார்ந்திருந்த மாவட்டச் செயலாளர் மருதவாணனுக்கு. மாலையும் அப்படித்தான், அவர் கழுத்தில் இடமில்லாமல் கழற்றி இவர் கழுத்தில் போட்டது.

மருதவாணன் நான்கு முறை எம்.எல்.ஏ. நான்கு முறையும் அவருக்கு மாற்று வைரக்கண்ணு. பெரியவர் மனு தள்ளுபடியானால்தான் மாற்று மனுவுக்கு உயிர். இல்லையென்றால் நேரே குப்பைக்கூடை. மறியலில் மண்டை உடைந்ததும் ஜெயிலில் களி தின்றதும் வைரக்கண்ணு. சட்டசபைக்குப் போனது மட்டும் மருதவாணன். இது ஐந்தாவது தேர்தல்.

"ரெண்டு பேரும் உறுதிமொழி வாசிச்சிடுங்க," என்றார் அதிகாரி. "இப்ப முடியலேன்னா நாளைக்குள்ள வந்து வாசிக்கணும். நாளன்னைக்குப் பரிசீலனை. வாசிக்காத மனு செல்லாது."

மருதவாணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். "மூச்சு வாங்குதும்மா. நான் நாளைக்கு வர்றேன்." எழுந்தவர் வைரக்கண்ணுவின் தோளில் கையை வைத்தார். "வைரம், என்னுது கெடக்கட்டும். நீ இருந்து உன்னுதை ஒரு எழுத்து விடாம முடிச்சிட்டு வா."

வைரக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன கிண்டல் பாருங்கள்! குப்பைக்குப் போகிற காகிதத்துக்கு ஒரு சத்தியம் கேடா? "நானும் நாளைக்கே வர்றேங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

எதிரே டீக்கடையில் அபுபக்கர் கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"வாங்க வேட்பாளரே! இந்த வாட்டி எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு நாளைக்கு. அப்புறம் வழக்கம்போல உன் கடை பெஞ்சுதான்."

கடையே சிரித்தது. வைரக்கண்ணுவால் சிரிக்க முடியவில்லை. "இருபது வருசம், பாய். 'இந்த வாட்டி நீ நில்லுடா'ன்னு ஒரு வார்த்தை, சும்மா ஒப்புக்காவது, அந்த மனுசன் வாயில வந்திருக்கா? எனக்கு அம்பத்தெட்டு ஆச்சு. இனிமே எப்ப?"

அபுபக்கர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கேட்காமலே இன்னொரு டீ போட்டார்.

மறுநாள் காலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவரைப் பார்த்து மனைவி பவுனம்மாள் கேட்டாள். "என்னமோ வாசிக்கணும்னீங்களே, போகலையா?"

"போய்? அவர் வாசிச்சார்னா என்னுது குப்பை."

"அவர் வாசிக்கலேன்னா?"

"யாரு, மருதவாணனா? பதவின்னா சாவுப் படுக்கையில இருந்துகூட எந்திரிச்சு ஓடுவாரு. போடி, வேலையைப் பாரு."

நாள் முழுக்க வாழைக்கு மண் அணைத்தார். வெட்டிய வெட்டில் பாதி மருதவாணனை நினைத்து வெட்டியதுதான். நாலு மணிக்கு மருதவாணனே போனில் கூப்பிட்டார்.

"வைரம், வாசிச்சிட்டியா?"

"ஆச்சுண்ணே," என்றார் வைரக்கண்ணு, எரிச்சலை அடக்கிக்கொண்டு. பொய்தான். குப்பைக்குக் கணக்குக் கேட்கிறார் பார், என்று முணுமுணுத்துக்கொண்டே போனை இடுப்பில் செருகினார்.

பரிசீலனை அன்று உள்ளே வேட்பாளர்களுக்கு மட்டும்தான் இடம். கட்சிக்காரர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி முதல் கட்டைப் பிரித்தார்.

"மருதவாணன். உறுதிமொழி எடுக்கவில்லை. மனு தள்ளுபடி."

எதிர்க்கட்சி வேட்பாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜன்னலில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். வைரக்கண்ணு பக்கத்து நாற்காலியில் இருந்த மருதவாணனைத் திரும்பிப் பார்த்தார். வாசிக்கவில்லையா? இந்த மனுஷனா?

அதற்குள் வெளியே ஒருவன் கத்தினான். "ஏய், நம்ம வைரண்ணன் இருக்காருய்யா! மாற்று வேட்பாளர் இருக்காருய்யா!"

அவ்வளவுதான். "வருங்கால எம்.எல்.ஏ. வைரக்கண்ணு வாழ்க!" என்று ஜன்னலே அதிர்ந்தது. தெருவில் வேட்டு வெடித்தது. ஜன்னல் கம்பி இடுக்கில் ஒரு ரோஜா மாலை நசுங்கி நுழைந்து வந்தது. இருபது வருஷத்தில் அவருக்கென்றே வாங்கிய முதல் மாலை.

வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை. 'நானும் வாசிக்கலையே, நானும் வாசிக்கலையே' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அமைதியா இருங்க," என்ற அதிகாரி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த கட்டை எடுத்தார். "வைரக்கண்ணு..."

மருதவாணன் இருமவில்லை, வாடவும் இல்லை. கண் கலங்கச் சிரித்தபடி வைரக்கண்ணுவின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

"அஞ்சு தடவையும் மேலிடத்துக்கு உன் பேரைத்தான்டா எழுதிக் குடுத்தேன். அஞ்சு தடவையும் அடிச்சிட்டு என் பேரைப் போட்டானுங்க."

மருதவாணன் பிடியை இறுக்கினார்.

"அதான்டா இந்த வாட்டி வேணும்னே வாசிக்காம விட்டேன்!"