பதினான்கு கிலோமீட்டர்

மூன்றாவது கால்சட்டையையும் போட்டுக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்று நடந்தேன். தொடை உரசி, சரக் சரக் என்று சத்தம் வந்தது.

“இதுவும் வேண்டாம்” என்றேன்.

என் கணவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. “அதான் அப்பவே சொன்னேனே, இதெல்லாம் உனக்குச் சரிப்படாது. வா, வீட்டுக்குப் போவோம்.”

விடுவேனா?

பாதத்திலிருந்து மார்பு வரை ஒரே உடுப்பாக வந்து, தோளில் வார் மாட்டிக்கொள்கிற கால்சட்டை அது. ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கிறவர்கள் போடுவது. கடைக்காரர் அதை வேடர்ஸ் என்றார். கண்ணாடியில் பார்த்தால் உறை போட்ட சோபா மாதிரி இருந்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறு அவருக்கு, வீடு எனக்கு. நானும் வரட்டுமா என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். போக ஏழு, வர ஏழு, மொத்தம் பதினான்கு கிலோமீட்டர், அதில் மூன்று இடத்தில் ஆற்றைக் கடக்கணும், உன்னால் முடியாது.

மகள் வீட்டில் இருந்தவரை எனக்கு அது உறைக்கவில்லை. போன வருஷம் அவளும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் இல்லாமல் பொழுது போகவில்லை. இந்த வயசில் அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

அதனால் நடந்தேன். மூன்று மாதம், தினமும் காலையில், பூங்காவைச் சுற்றிச் சுற்றி. முதல் வாரம் கால் வீங்கியது. போன வாரம் பதினைந்து கிலோமீட்டர், இடையில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. இனி என்ன சாக்குச் சொல்வார் என்று பார்த்தேன்.

சொன்னார். தண்ணீர் சில்லென்று இருக்குமாம். கொசு பிடுங்குமாம். இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்ப்போமாம்.

“அண்ணி, தூரமா நடக்கணும்னா இதப் பாருங்க” என்று கடைக்காரர் நான்காவதை எடுத்துப் போட்டார்.

நான் தையல்காரி. எந்தத் துணியைக் கையில் வாங்கினாலும் முதலில் உள்பக்கத்தைப் புரட்டித்தான் பார்ப்பேன். முந்தைய மூன்றிலும் தையல் உள்தொடை வழியாக ஓடியது. பத்தாவது கிலோமீட்டரில் தோலை உரித்துவிடும். இதில் தையலை முன்னும் பின்னுமாக ஒதுக்கியிருந்தார்கள். முட்டி மடங்க இடம் விட்டு வெட்டியிருந்தார்கள். பூட்ஸும் கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டு வராமல் தனியாக, கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி இருந்தது. விஷயம் தெரிந்த ஆள் யாரோ வெட்டியது.

போட்டேன். இரண்டு சுற்று நடந்தேன். குந்தி எழுந்தேன். வாசல் படியில் நாலு தடவை ஏறி இறங்கினேன். போட்டிருப்பதே தெரியவில்லை.

“இதையே குடுத்துடுங்க” என்றேன். கணவர் திருதிருவென்று விழித்தார்.

கடைக்காரர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். “அண்ணா, உங்களுதும் ஒட்டுப் போட்டு ரெடியா இருக்கு” என்று உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

கணவர் பாய்ந்தார். நான் முந்திக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியது. பூட்ஸோடு சேர்ந்த பழைய மாதிரி. உட்காருகிற இடத்தில் மூன்று ஒட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. பூட்ஸைத் திருப்பினேன். அடியில் அச்சடித்திருந்த அளவு எண்கூட அழியவில்லை. ரப்பர் பல்லெல்லாம் புதுசு மாதிரி அப்படியே இருந்தது.

முப்பது வருஷமாக ஊரார் கால்சட்டைகளைப் பிரித்துத் தைக்கிறேன். நடக்கிறவருக்குத் துணி எங்கே தேயும், உட்கார்ந்தே இருக்கிறவருக்கு எங்கே தேயும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ரெண்டு வருஷமா எங்க உக்காந்திருக்கீங்க?”

கடைக்காரர் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் போல உள்ளே போய்விட்டார்.

“பாலத்துக்குக் கீழ.” அவர் குரலே எழும்பவில்லை. “கார் நிறுத்துற இடத்துலேர்ந்து நாலு எட்டு. முட்டி ரெண்டும் போயிடுச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூட்ஸாலேயே நாலு வைத்திருப்பேன். ஞாயிறு சாயங்காலம் வந்ததும் நாற்காலியில் சரிந்து, யப்பா என்ன நடை, என்று காலை நீட்டுவார். நானும் பாவம் மனுஷன் என்று தைலம் தேய்த்துவிடுவேன். முட்டியில் கை பட்டால் பல்லைக் கடித்துக்கொள்வார். நடந்து வந்த அலுப்பு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பேன்.

அது ஞாபகம் வந்ததும் என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. எவ்வளவு வலித்திருக்கும்!

“ஞாயித்துக்கிழமை நீங்க பாலத்துக்குக் கீழ உக்காருங்க. நான் போயிட்டு வரேன்” என்றேன். “திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். அதுல பேச்சே கிடையாது.”

“தனியாவா போவ?”

“பின்ன, உங்களத் தூக்கிட்டா நடக்க முடியும்?”

அவர் புதுக் கால்சட்டையோடு வந்து மேசையில் கிடந்த இடுப்புப் பட்டையை எடுத்து, தானே என் இடுப்பில் சுற்றி, மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கினார். தவறி விழுந்தாலும் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க அதுதான் முக்கியமாம்.

“ரெண்டாவது வளைவுல வலது கரையோரமாவே போ, நடுவுல பள்ளம் இருக்கு. அதத் தாண்டினா மணல் திட்டு. அங்கேர்ந்து பாத்தா ஒரு பெரிய மரம் தண்ணிக்குள்ள சாஞ்சு கிடக்கும், அது மேல கொக்கு வரிசையா...”

எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார்.

“இன்னும் கிடக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்றியா?”