சரக்கு எடுக்கிற இடம்

டிபன் கேரியரைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வான்மதி லைப்ரரிக்குள் நுழைந்ததைக் கார் கண்ணாடி வழியே பார்த்ததும் ஜெயலீலாவுக்குப் பொறி தட்டியது. உள்ளே சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். புத்தகம் எடுக்கப் போகிறவளுக்கு அடுக்குக் கேரியர் எதற்கு?

பின்னாலேயே வான்மதியின் மகள் ஹம்சா, முதுகில் ஸ்கூல் பையோடு.

"செல்ஃப் ஸ்டடியாம்ல, செல்ஃப் ஸ்டடி" என்று முணுமுணுத்தபடி ஜெயலீலா காரை விட்டு இறங்கினாள்.

எந்த வியாபாரியும் சரக்கு எடுக்கிற இடத்தைச் சொல்ல மாட்டான். அமெரிக்காவின் இந்தக் கேட்டி ஊரில் எந்தத் தமிழ்த் தாயும் டியூஷன் எடுப்பவர் பெயரைச் சொல்ல மாட்டாள். நல்ல பல் டாக்டர் யார் என்று கேளுங்கள், அட்ரஸோடு கிடைக்கும். டியூஷன் என்றால் மட்டும் எல்லோர் பிள்ளையும் தானாகவே படித்துக்கொள்ளும்.

ஜெயலீலாவின் மகன் ஆலனும் ஹம்சாவும் லெவன்த் கிரேடில் ஒரே வகுப்பு. ஏபி கம்பேரட்டிவ் கவர்ன்மென்ட் என்று ஒரு பாடம். பிரிட்டன், ஈரான், நைஜீரியா என்று ஆறு நாட்டு அரசாங்கங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். அதில் ஆலன்தான் எப்போதும் முதல். தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த ஹம்சா, கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததிலிருந்து லிஃப்டில் ஏறியவள்போல் மேலே வந்து, போன டெஸ்டில் அவன் தோளை உரசிக்கொண்டு நிற்கிறாள்.

ஸ்கூல் ரேங்கில் முன்வரிசைக்குத்தான் ஆஸ்டின் யுனிவர்சிட்டியில் நேரடி இடம். அந்த வரிசையின் கடைசிப் படியில் ஆலன். ஒருத்தி ஏறினால் ஒருத்தன் இறங்க வேண்டியதுதான்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஜெயலீலா பண்டமாற்றுக்கே இறங்கிப் பார்த்தாள். காலேஜில் சேர எழுதும் எஸ்ஏடி பரீட்சைக்குப் பக்கத்து ஊர் ஷுகர்லேண்டில் கெட்டிக்கார டீச்சர் ஒருவர் இருக்கிறார், யாரிடமும் மூச்சு விட்டதில்லை, உனக்கு மட்டும் நம்பர் தருகிறேன், கவர்ன்மென்ட்டுக்கு யாரிடம் போகிறாய் என்று நீ சொல்லு. வான்மதி தட்டில் இருந்த கேசரியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"சத்தியமா டீச்சர்னு யாரும் இல்லக்கா. செல்ஃப் ஸ்டடிதான்."

சத்தியம் செய்கிறவளிடம் சரக்கு இருக்கிறது என்று அப்போதே ஜெயலீலாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஆலனுக்கோ ரோஷம் என்பதே கிடையாது. டியூஷன் வைக்கட்டுமா என்றால் "ஐ டோன்ட் நீட் இட்மா" என்கிறான். ஹம்சா ஏறி வருகிறாளே என்றால் "குட் ஃபார் ஹர்" என்று தோளைக் குலுக்குகிறான். சனிக்கிழமையானால் சர்ச்சில் கிட்டார் ப்ராக்டிஸ் என்று போய்விட்டு, திரும்பி வந்து மீன் குழம்பைக்கூடத் தொடுவதில்லை. அங்கே யாரோ பீட்சா வாங்கிக் கொடுத்து அவன் வயிற்றைக் கெடுக்கிறார்கள் என்பது ஜெயலீலாவின் தீர்ப்பு. இன்றும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்ச்சில் அவனை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வான்மதியின் கார் கண்ணில் பட்டது.

சமையல் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று ஜெயலீலா நோட்டம் விட்டாள். மூலையில் இருந்த படிப்பு அறைக்குள் மகளையும் கேரியரையும் விட்டுவிட்டு வான்மதி கிளம்பிப் போனாள். அறையின் கண்ணாடி பனி மூடியதுபோல் மங்கல். உள்ளே இரண்டு நிழல். ஒன்று உட்கார்ந்து எழுதியது, ஒன்று போர்டு முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது. சத்தம் துளியும் வெளியே வரவில்லை.

வாத்தியாரைச் சோறு போட்டுக் கைக்குள் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி.

வெளியே வரட்டும், பேசி முடித்து ஆலனையும் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஒரே சரக்கு இரண்டு கடையிலும் இருந்தால் யாருக்கு லாபம்? மொத்தக் கடைக்கே பூட்டுப் போட்டுவிட்டால்?

அறைக் கதவில், கட்டணம் வாங்கி டியூஷன் எடுக்க அனுமதி இல்லை என்று ஒட்டியிருந்தது. ஜெயலீலா நேராகக் கவுண்ட்டருக்குப் போய், அங்கிருந்த நரைத்த தலை அம்மாவிடம் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். டியூஷன் வியாபாரம் நடக்கிறது, போதாததற்குச் சாப்பாடும் உள்ளே போயிருக்கிறது, மசாலா வாசம் இங்கேயே அடிக்கிறது பாருங்கள்.

அந்த அம்மா எழுந்து போய்க் கதவைத் தட்டி உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் கேரியரைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

பணம் எதுவும் வாங்கவில்லையாம், பிரியாணிதான் ஃபீஸாம் என்றார். சொல்லிக் கொடுப்பதே ஸ்கூலில் படிக்கும் பிள்ளைதான், இன்னும் பதினெட்டு ஆகவில்லை. அதனால் சாப்பாட்டு விஷயத்தை வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும், லைப்ரரி கார்டில் பெற்றவர்கள் நம்பர் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைத் தட்டினார்.

ஜெயலீலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிரியாணிக்கு ஆசைப்பட்டுச் சொந்தச் சரக்கை அடுத்தவன் கடைக்கு ஏற்றிவிடுகிற அசட்டுப் பிள்ளையை எந்த மகராசி பெற்றாளோ.

"கண்டிப்பா கூப்பிடுங்க" என்றாள். "வளர்த்தவங்களைத்தான் கேக்கணும்."

அந்த அம்மா நம்பரை அழுத்தி ரிசீவரைக் காதில் வைத்தார். அதே நேரம் ஜெயலீலாவின் கைப்பைக்குள் போன் அலறியது. லைப்ரரியில் இது என்ன மானக்கேடு என்று பதறி எடுத்துக் காதில் வைத்தாள்.

கவுண்ட்டருக்கு அந்தப் பக்கமிருந்தும் போனுக்குள்ளிருந்தும் ஒரே குரல் கேட்டது.

"ஹலோ, ஆலனோட அம்மாவா?"