மணப்பெண்ணை உள்ளே விடாத கதவு

ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேமராவில் முகம் பார்த்து உள்ளே விட்ட கல்யாண மண்டபத்துக் கதவு, மணப்பெண் செண்பகவடிவை மட்டும் தடுத்துவிட்டது. “பத்திரிகையில் உள்ள மணமகளின் முகத்தோடு பொருந்தவில்லை” என்று தேனொழுகச் சொன்னது. எப்படிப் பொருந்தும்? பெரியம்மா சொல்லி ஸ்டுடியோக்காரர் வெளுத்த வெளுப்பில், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பௌர்ணமி நிலாவே கருப்பட்டியாகத் தெரியும்.

“எனக்கென்னட்டி, நிறமா முக்கியம்? லெட்சணமா இருக்கட்டுமேன்னு கொஞ்சமாத்தான் வெளுக்கச் சொன்னேன்” என்ற பெரியம்மா பவுடர் டப்பாவை நீட்டினாள். “அப்பிக்கோ, கதவு தொறந்திரும். முகூர்த்தம் முடியப் பத்து நிமிசந்தான் இருக்கு.”

வடிவு டப்பாவை வாங்கி மதிலுக்கு அப்பால் வீசினாள். எட்டாவது தெருவில் மூன்று எருமைகள் பசுவாகிப்போனதாகக் கேள்வி.

“இந்த மூஞ்சியோடதான் கட்டிக்கிடுவேன். மாப்பிள்ளைய வெளிய வரச் சொல்லுங்க!”

மாப்பிள்ளை இசக்கிராஜா தாலித் தட்டோடு வாசலுக்கு ஓடிவந்தான். மேளமும் அறுநூறு பேரும் பின்னாலேயே வந்தார்கள். உச்சி வெயிலில் தாலி ஏறியது.

அப்போதும் பெரியம்மா குடையோடு பாய்ந்தாள். “ஏட்டி, வெயில்ல கறுத்துருவ!”

“நல்லாக் கறுக்கட்டும் பெரியம்மா” என்று குடையை மடக்கிக் கொடுத்துவிட்டு, வடிவு சூரியனை நோக்கி முகத்தை நிமிர்த்தினாள்.