கால்வாய் வளைவு

“அண்ணா, மூணாவது தடவையா காத்து அடிக்கிறீங்க. டயர் வெடிச்சா அப்புறம் நான் நடந்துதான் போகணும்.”

அவன் பம்பைக் கீழே வைத்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்திருந்தான். பால் காய்ச்சினான். தண்ணீர் பாட்டிலை நிரப்பினான். சங்கிலிக்கு எண்ணெய் விட்டான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மைதானத்துக்கு வந்தான். மனைவி இறந்த இந்தப் பதினொரு மாதமும் எல்லா வேலையும் இப்படித்தான் நடக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக.

அந்த நீலச் சைக்கிள் மனைவியுடையது. இரண்டு மாதத்துக்கு முன்புதான், இப்போது அதை ஓட்டப்போகும் இந்தப் பெண்ணுக்காக இருக்கையை இரண்டு அங்குலம் இறக்கினான்.

“வெடிக்காது. பிரேக்கைப் பிடிச்சுப் பாரு.”

“பார்த்துட்டேன். எனக்குப் பயமா இருக்குண்ணா.”

எனக்கும்தான் என்று சொல்ல வந்தவன், ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொள்ளச் சொன்னான்.

மைதானம் முழுக்கப் பெண்கள், சைக்கிள்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வருடாந்திரப் பயணம். சைக்கிள் குழுவின் தலைவியான டீச்சர் ஸ்டூல் மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்தார்.

“வளைவு வந்தா மொதல்ல என்ன பண்ணணும்?”

“திரும்பிப் பார்க்கணும்!”

“அப்புறம்?”

“கையைக் காட்டணும்!”

“அதுக்கப்புறம்தான் வளைக்கணும். இது யார் போட்ட சட்டம்?”

“பெல் அக்கா!” என்று கத்தினார்கள். எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் அடித்தன.

பெல் அக்கா அவன் மனைவி. குறுக்கே நாய் வந்தாலும் மணி அடிப்பாள், வராவிட்டாலும் அடிப்பாள். இந்தக் குழுவில் பாதிப்பேருக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

அந்தச் சைக்கிளோடு நின்ற இவள் மட்டும் மணி அடிக்கவில்லை.

“என்ன புதுசு, பொண்ணு பார்க்க வந்த மாதிரி தலையைக் குனிஞ்சுட்டு நிக்கிற? ரோட்டைப் பாரு தாயி!” என்றாள் பக்கத்தில் நின்ற தையல்கார அக்கா. குழுவில் சேர்ந்த நாளிலிருந்து இவளுக்கு ‘புதுசு’ என்றுதான் பெயர். “தம்பி, நீங்க பயப்படாதீங்க. உங்க தங்கச்சிக்கு நான் பொறுப்பு.”

தங்கச்சி என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவன் மறுத்துப் பேசியதில்லை.

“கால்வாய் வளைவுல கொடி பிடிக்க யாரு?” என்று டீச்சர் கேட்டார்.

“நான்.”

டீச்சர் மைக்கை இறக்கினார். “வேணாம் தம்பி. அந்த இடத்துல உங்களை நிறுத்த எனக்கு மனசு வரலை.”

“நானே நிக்கறேன் டீச்சர்.”

குழுவின் வேன் அவனை வளைவில் இறக்கிவிட்டுப் போனது. இடப்பக்கம் கால்வாய்ச் சுவர். சுவரில் ஓரிடத்தில் மட்டும் சிமெண்ட் பூச்சு புதிது. எதிரே வருவது பக்கத்தில் வரும்வரை தெரியாது. ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடிக்காமல் திரும்பிப் போனது. அவன் கொடியைக் கை மாற்றிக்கொண்டான்.

முதல் கூட்டம் வந்தது. திரும்பிப் பார்த்தார்கள், கையைக் காட்டினார்கள், வளைந்தார்கள். அடுத்த கூட்டமும் போயிற்று. நீலச் சைக்கிள் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. போன் செய்தான். எடுக்கவில்லை.

கடைசியாகத் தையல்கார அக்கா மூச்சிரைக்க வந்தாள். “முன்னாடி பாலத்துலயே இறங்கிட்டா தம்பி! எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். நீங்க போங்கக்கா, நான் உருட்டிக்கிட்டே வரேன்னு ஒரே பிடிவாதம். பொண்ணா அது, உடும்பு!”

சொல்லிவிட்டு அவளும் வளைந்து போனாள்.

இன்னொரு லாரி போயிற்று. அதன் புழுதி அடங்கியபோது, தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வருவது தெரிந்தது. வளைவுக்கு இருபதடி இருக்கும்போது நின்றுவிட்டாள். ஹேண்டில்பாரில் இருந்த கட்டைவிரல் பட்டுப் பட்டு மணி கிணுகிணுத்தது.

“என்னால முடியாதுண்ணா.”

“ரெண்டு மாசம் பழகியிருக்க.”

“மைதானத்துல பழகினேன். இது அதே இடம்ணா. அந்தச் சுவரைப் பார்த்ததும் காலு வரமாட்டேங்குது.”

“நான் நிக்கறேன்ல?”

“நீங்க நிக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு தடவைகூட நீங்க என்னைத் திட்டலை.” முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா கடைசியா என்ன சொன்னாங்க? ஆஸ்பத்திரியில நீங்க மட்டும்தானே கூட இருந்தீங்க?”

ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அவன் போலீஸிடம் சொல்லியிருந்தான். மாமனார் மாமியாரிடமும் அதையேதான் சொன்னான். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் வாசலில் வந்து நின்று, “கார் ஓட்டிட்டு வந்தது நான்தான், என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க” என்று அழுத இவளிடமும் அதையேதான் சொன்னான். யார்மேலாவது பழி இருந்தால்தான் காலையில் எழுந்து பால் காய்ச்ச முடிந்தது. ‘அவ சைக்கிள்ல, அவ போன வழியில ஒரு தடவை போய்ப் பாரு’ என்று சைக்கிளைக் கொடுத்ததும் தண்டனையாகத்தான்.

அவன் கொடியைச் சுருட்டிச் சுவர் மேல் வைத்தான்.

“சொன்னா,” என்றான். “நான்தான் யார்கிட்டயும் சொல்லலை.”

மணி கிணுகிணுப்பது நின்றது.

“‘அந்தக் கார்ப் பொண்ணைத் திட்டாதீங்க. நான்தான் திரும்பிப் பார்க்காம வளைச்சுட்டேன்.’”