அகழெலிக்கு ஒரு வக்கீல்

"ஏய், காலை எடு! கொலைகாரி!"

இம்கே வெலவெலத்துப் போனாள். எங்கள் ஊரில் அந்தக் குரலுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஹெட்மாஸ்டர் ஓல்ட்மன் ரிட்டயராகி வருஷக்கணக்காகிறது. குரல் மட்டும் இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

இம்கே செய்த குற்றம் இவ்வளவுதான். அவர் வீட்டு வேலியை ஒட்டிய ஊர்ப் பொதுநிலத்தில் குவியல் குவியலாகக் கிடந்த மண்மேடுகளில் ஒன்றை, ஆத்திரத்தில் காலால் எத்திவிட்டாள்.

"அது அகழெலி தோண்டின மேடும்மா! மண்ணுக்கு அடியில ஒரு உயிர் குடித்தனம் நடத்துது. அதைத் தொட்டா அபராதம்னு சட்டம் இருக்கு, தெரியுமா?"

தெரியாமல் என்ன? ஜெர்மனியில் பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டிவிட்டுக்கூடத் தப்பிக்கலாம். அகழெலி மேல் கை வைத்தால் தொலைந்தோம்.

"அந்தச் சட்டத்தாலதானே சார் இங்க பாலர் பள்ளி கட்டாம நிக்குது! என் பொண்ணுக்கு வேற எங்கேயும் இடம் கிடைக்கல. நான் வேலை பார்க்கிற பேக்கரியில, இப்படி லீவு போட்டுக்கிட்டே இருந்தா எத்தனை நாள்தான் பொறுப்பாங்க? வேலையே போயிடும் போலிருக்கு. அலுங்காமப் பிடிச்சுக் காட்டுல விட்டுட்டா ஆகாதா?"

"பிடிச்சு விடுவியா? முதல்ல அப்படித்தான் சொல்வீங்க. அப்புறம் வளைக்குள்ள புளிச்ச மோரை ஊத்துவீங்க. பூண்டை நசுக்கிப் போடுவீங்க. எதுக்கும் மசியலேன்னா புகைக்கட்டி வைப்பீங்க. ஈர மண்ணுல கட்டியை வச்சு, ஓட்டையைப் பலகையால மூடி, ஓரத்துல களிமண் பூசிட்டா, உள்ள அது மூச்சு முட்டி..."

சட்டென்று நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லவே நாக்கு கூசுது. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பொண்ணு நீ. வெட்கமா இருக்கு எனக்கு."

நாயோடு நடக்க வந்தவர்கள், சைக்கிளில் போனவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"ஒரு குழந்தையைப் பெத்தவளுக்கு இப்படி ஒரு கல் மனசா!" என்றாள் ஒருத்தி. அவளுடைய கூடையில் அரைக்கிலோ பன்றி இறைச்சி இருந்தது. அது வேறு விஷயம்.

அந்த வாரமே ஊர்க்கூட்டம். ஹெட்மாஸ்டர் எழுந்தார்.

"பிள்ளைங்களுக்குப் பேச வாய் இருக்கு. அழ வாய் இருக்கு. அகழெலிக்கு யாரு இருக்கா?"

அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் மேஜையைத் தட்டிய தட்டில் பீர் கிளாஸெல்லாம் எழும்பிக் குதித்தன. மேடுகளைப் பார்த்துப் பள்ளி வேலையை நிறுத்திவைத்த அதிகாரி வசந்தத்தில் மறுபடி வந்து பார்ப்பார், அப்போதும் புது மேடு இருந்தால் பள்ளி என்ற பேச்சே கிடையாது என்று முடிவானது.

மாசக் கடைசியில் இம்கேவின் வேலை போனது. அது போதாதென்று, கடைக்குப் போனால் "எலியை மிதிச்சவ" என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு வேறு. ஊரே சொல்லும்போது அவளுக்கும் அது உண்மைதானோ என்று தோன்றிவிட்டது. நல்லவர்களுக்கு இதுதான் வியாதி.

ஒருநாள் பிளம் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு, பெண்ணையும் கையில் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே போனாள்.

அவருடைய மனைவி அல்முட் கதவைத் திறந்தாள்.

"வாம்மா, வா! அவர் ஊர்ல இல்லையே. ஏதோ இயற்கைச் சங்கத்துல அவருக்குப் பதக்கம் குடுக்கறாங்களாம். உக்காரு, காபி போடறேன்."

தோட்டத்தில் உட்கார்ந்தார்கள். புல்வெளி பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி கிடந்தது. இம்கேவின் பெண் அதில் ஒரு காலை வைத்தாள்.

"மிதிக்காதே கண்ணு, தாத்தா திட்டுவாரு," என்றாள் அல்முட்.

"சார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன்மா. அன்னிக்கு ஏதோ புத்தி கெட்டுப்போய்..." என்ற இம்கே, சுற்றிலும் பார்த்தாள். "ஆமா, வேலிக்கு அந்தப் பக்கம் அத்தனை மேடு. இங்க பேருக்கு ஒண்ணுகூட இல்லையே?"

"அடி அசடு! அந்தப் பக்கம் ஏது எலி? காஞ்ச தரை, ஒரு புழு பூச்சி கிடையாது. அதுங்க எல்லாம் இங்க நாங்க தண்ணி ஊத்தி வளர்த்த புல்லுக்குத்தான் வந்துச்சு. இவருதான் மேட்டு மண்ணை அள்ளி அள்ளிக் கைவண்டியில கொண்டுபோய் அங்க குவிச்சாரு."

இம்கே காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரும் பார்க்கலையாம்மா?"

"ஞாயித்துக்கிழமை ஊரே சர்ச்சுல இருக்கும்போதுதானே தள்ளுவாரு! அன்னிக்குச் சத்தம் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கில்ல? அதனால சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுட்டுத்தான் வண்டியையே எடுப்பாரு. சட்டத்தை மீறமாட்டாரு மனுஷன்."

அல்முட்டின் முகத்தில் கள்ளம் கபடமே இல்லை. புருஷனைப் பற்றிய பெருமைதான் வழிந்தது.

"எதுக்கும்மா இத்தனையும்?"

"பின்னே? ஆயுசு பூரா பிள்ளைங்க இரைச்சல்ல கிடந்தவரு. இப்ப வேலிக்குப் பக்கத்துலயே பாலர் பள்ளின்னா அவருக்குத் தாங்குமா, நீயே சொல்லு?"

இம்கே பெண்ணை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அப்போ இங்க இருந்த எலிங்க எல்லாம்?"

அல்முட் கேக்கில் இன்னொரு துண்டு வெட்டி, மேலே தாராளமாக க்ரீம் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"புகை போட்டாச்சு. கடைசியா ஒண்ணு பாக்கி இருந்துச்சு, அதுவும் நேத்தோட முடிஞ்சுது. வசந்தத்துல அதிகாரி வந்து நின்னா, அங்க புது மேடு போட மண்ணுக்கு எங்க போறதுன்னுதான் பாவம், இவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."