கோணல் ஓட்டை

"சீக்கிரம்க்கா! பன்னெண்டு மணிக்கு வண்டி வாங்கறவரு வந்துடுவாரு. பிளேட் இல்லன்னா வேணாம்னுடுவாரு!"

குரு நீட்டிய சீட்டில் பழைய பிக்கப் வண்டியின் சேஸிஸ் நம்பர் இருந்தது. கோயில் டியூப்லைட் முதல் உண்டியல் வரை உபயதாரர் பெயரைப் பித்தளையில் வெட்டித் தரும் தேவகி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"வண்டி யாருதுபா?"

"எங்க தாத்தாதுக்கா. கம்பெனி பிளேட் எங்கியோ விழுந்துடுச்சு."

வாசலில் நின்ற வண்டியை அளவெடுக்கப் போனாள். தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். ஒன்று மட்டும் கோணல்.

"தாத்தா நல்லா வெச்சிருந்தாரு போல!"

"உயிரா வெச்சிருந்தாருக்கா!"

உள்ளே வந்தவள் ஒரு போன் பேசிவிட்டு உளியை எடுத்தாள்.

"பழசு மாதிரியே இருக்கணும்க்கா."

"அச்சு அசலா பழசேதான் வரும். கவலப்படாத."

அரை மணியில் தகடு தயார். குரு வாங்கிக்கொண்டு ஓடி, வண்டியில் வைத்துப் பார்த்தான். கோணல் ஓட்டைகூடக் கச்சிதமாகப் பொருந்தியது. அப்புறம்தான் எழுத்தைப் படித்தான்.

'செல்லியம்மன் கோயில் சாமி வண்டி. உபயம்: ஒரு பக்தை.'

"ஐயோ, இத நான் கழட்டி ஏரியில போட்டேனே!" வாய் தவறி வந்துவிட்டது.

"அதான் புதுசா வெட்டிக் குடுத்தேன். போலீசு வந்துக்கினு இருக்காங்க, நில்லு."

"உ... உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அந்த ஓட்டைய கோணலா போட்டதும் நான்தான்பா. பேரு போட வேணாம்னு சொன்ன பக்தையும் நான்தான்."