பன்னிரண்டாவது அட்டை

கீரைத்தண்டைக் கவ்வியிருந்த நத்தையைக் குச்சியால் நெம்பினான். அசையவில்லை. கையால் பிடித்து இழுத்தான். சளியைப் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது.



உள்ளங்கை அகலம். உப்பு வாளியில் போட்டதும் நுரை கக்கிச் சுருண்டது. வாளியில் ஏற்கெனவே நாற்பதுக்கு மேல். வெயில் ஏற ஏற நாற்றம் மூக்கைத் துளைத்தது.

பாத்தியில் வெறும் காம்புகள்தான் மிச்சம். அந்தக் கீரையை விற்றுத்தான் அக்கா அடுப்பு மூட்டுகிறாள்.

"எந்தப் புண்ணியவான் கொண்டாந்து விட்டானோ, அவன் கை அழுகணும்டா தம்பி" என்றாள் அவள், மூக்கைப் பொத்திக்கொண்டே.

அவனும் ஆமாம் போட்டான்.

நர்சரியிலிருந்து செடித்தொட்டிகளைத் தள்ளுவண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. தெருத்தெருவாகச் சுற்றுகிறவன் என்று நகராட்சி ஆபீசில் ஒரு கட்டு அட்டை கொடுத்திருந்தார்கள். நத்தையைக் கண்ட வீடு, தேதி, எத்தனை, எதனால் வந்தது. நான்கு கட்டம். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன், பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு அட்டை எழுதிக் கொடுத்துவிட்டான். அக்கா அன்றிலிருந்து அவனை ஆபீசர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

கடைசிக் கட்டத்தில் மட்டும் எப்போதும் வெறும் கோடு. அதுதான் முக்கியம், மூலம் தெரிந்தால் அந்த இடத்தைப் பூட்டி மருந்தடிப்போம், ஆளையும் விடமாட்டோம் என்று ஆபீஸ்காரர் சொல்லியிருந்தார்.

பென்சில் எடுக்க வண்டிக்குப் போனான். செடி வாடாமல் இருக்க மேலே போர்த்துகிற ஈரச்சாக்கு மடிந்து கிடந்தது. பென்சில் அதற்கு அடியில். கையை விட்டான்.

வழவழவென்று ஏதோ விரலிடுக்கில் ஏறியது.

சாக்கை விரித்தான். மடிப்புக்குள் கடலை அளவில் குட்டி நத்தைகள். தையலோரம் நெடுக மஞ்சள் முட்டைகள், கொத்துக்கொத்தாக.

குனிந்து வாந்தியெடுத்தான்.

ஒரு நாளும் அந்தச் சாக்கைக் காயவிட்டதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தொட்டியை இறக்கியதும் வாசலோரம் சாக்கை நாலு உதறு உதறித் தண்ணீர் தெளித்து மறுபடி போர்த்துவான். யாரும் சொல்லித்தராத சுத்தம். முதலாளியே மெச்சியிருக்கிறார்.

பதினோரு வீடும் கண்முன் வந்தன. எல்லாம் அவன் தொட்டி இறக்கிய வீடுகள். சாயங்காலம் வண்டியை நிறுத்திக் கடைசி உதறு உதறுவது அக்காவின் பாத்தியோரம்.

கையைக் காற்சட்டையில் துடைத்தான். பிசுபிசுப்பு போகவில்லை. அதே கையால் பென்சிலைப் பிடித்து மூன்று கட்டங்களை நிரப்பினான்.

நான்காவதில் பென்சில் நின்றது. கோடு போட்டால் வேலை போகாது. சாக்கை எரித்துவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் உதறியவையெல்லாம் இந்நேரம் எந்தெந்தச் செடியில் ஏறிக்கொண்டிருக்கின்றனவோ.

எழுதினான்.

எழுத்து தெரியாத அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதினீங்க ஆபீசர்?"

"தெரியாதுன்னு போட்டிருக்கேன்க்கா."

கட்டத்தில் இருந்தது அவன் பெயர். எழுத்துக் கற்றபோது முதன்முதலில் எழுதிப் பழகியது அதைத்தான்.